அம்மாவின் குரலை வைத்துப் படைப்பு செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை வெளிநாட்டில், அம்மா ஊரில். இதை வைத்துக் குறும்படமோ ஒலிப்படைப்போ செய்கிறேன் என்று வருகிறவர்கள் இப்போது அதிகம். குரல் செய்தி, வீடியோ கால், ஆல்பப் படம் என்று எல்லாம் போனிலேயே குவிந்து கிடப்பதால் தைரியமாக இறங்கிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் நான் செய்த சொதப்பல்களையே வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. மைக்கை எங்கே வைப்பது, காற்றுச் சத்தத்தை எப்படித் தவிர்ப்பது என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சோக இசை

வேண்டாம். "சாப்பிட்டியா" என்று அம்மா கேட்கிற இடத்தில் புல்லாங்குழல் நுழைந்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

உங்கள் குரலை வெட்டி எறிவது

இன்னும் என்னைக் கடுப்பேற்றுவது இதுதான். அம்மா பேசுவதை மட்டும் வைத்துக்கொண்டு, பிள்ளை சொன்ன "ம்", "சரிம்மா", "மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்பிடறேன்" எல்லாவற்றையும் நறுக்கிவிடுவார்கள். கேட்டால், "இது அம்மாவைப் பற்றியது, நான் எதற்கு நடுவில்?" என்பார்கள். அடக்கம் மாதிரி தெரியும். அசல் காரணம், தன் குரலைத் தானே கேட்கக் கூச்சம். அந்த அலுத்த "ம்"மில்தான் தூரம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பாசமாகப் பேசும் ஒரு பொம்மை.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஒரு பையன் தன் அம்மாவின் குரல் செய்திகளைக் கோத்து ஒரு ஒலிப்படைப்பு செய்தான். கேட்ட நண்பர்கள் எல்லாரும் அழுதார்கள். அம்மாவுக்குப் போட்டுக் காட்டினான். "என்னடா இது, நான் தனியா உளறிக்கிட்டிருக்கிற மாதிரி இருக்கு" என்றார் அவர். அவர் சொன்னது சரி என்று அவனுக்குப் புரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அம்மாவின் செய்திகளை மட்டும் கணினியில் சேமித்துவிட்டு, அவன் போனை மாற்றியிருந்தான். அவன் அனுப்பியவை அம்மாவின் போனிலாவது இருக்குமா என்றால், இடம் நிரம்பிவிட்டது என்று அக்கா மகன் 'குட் மார்னிங்' படங்களோடு சேர்த்து எல்லாவற்றையும் அழித்திருந்தான். பல வருட உரையாடலில் ஒரு பாதி போயே போய்விட்டது. முதல் நாளிலேயே இரண்டு பக்கத்துக் கோப்புகளையும் நகல் எடுங்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் குரல் செய்தியின் கோப்புப் பெயரிலேயே தேதி இருக்கும். அந்தப் பெயரை மாற்றாதீர்கள்.

வெட்டுகிறவர்கள் அடுத்துக் கைவைப்பது இடைவெளியில். வீடியோ காலில் குரல் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும். அம்மா கேட்டதும் நீங்கள் சட்டென்று பதில் சொன்னாலும் அவர் காதுக்கு அது தாமதமாகத்தான் வரும். உங்கள் பக்கத்தில் பதிவு செய்தால் அம்மா தயங்குவது போல இருக்கும், அம்மா பக்கத்தில் பதிவு செய்தால் நீங்கள் தயங்குவது போல இருக்கும். முடிந்தால் இரண்டு வீட்டிலும் ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் பதிவு செய்யுங்கள். ஒரே பேச்சு இரண்டு பேச்சாகக் கிடைக்கும். மென்பொருளில் 'மௌனத்தை நீக்கு' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதன் பக்கம் போகாதீர்கள்.

"ஷாந்தல் ஆக்கர்மான் தன் பதில் கடிதங்களை வைக்கவில்லையே?" என்று கொஞ்சம் படித்தவர்கள் மடக்குவார்கள். அந்தப் பெல்ஜிய இயக்குநரின் படமாக 1977இல் வந்த 'நியூஸ் ஃப்ரம் ஹோம்'-இல், நியூயார்க்கில் இருந்த அவருக்கு பிரஸ்ஸல்ஸிலிருந்து அம்மா எழுதிய கடிதங்கள் மட்டுமே வருகின்றன, உண்மைதான். ஆனால் அவற்றை வாசிப்பது யார்? மகள். ஏற்ற இறக்கமில்லாமல் வேகமாக வாசிக்கிறார். நியூயார்க் ரயிலும் காரும் அம்மாவின் வார்த்தைகளை விழுங்குகின்றன. இன்னும் அடிக்கடி எழுது என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். படம் முழுக்க மகள் இருக்கிறார். பதில் இல்லை என்பதே அங்கே பதிலாகிவிடுகிறது.

அம்மா என்றால் வீட்டில் காத்திருப்பவர்

வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போன அம்மாக்களை மறந்துவிடுகிறார்கள். அங்கே காத்திருப்பது பிள்ளை. 5 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் அம்மா வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக் கூடாது என்று இலங்கை 2013இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2022இல் அந்த வயதை 2 ஆகக் குறைத்தார்கள். போன் வருவதற்கு முன்னால் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பிய குடும்பங்கள் உண்டு. அந்த கேசட்டுகள் இன்னும் எத்தனை பரணில் கிடக்கின்றனவோ. தேடுங்கள்.

நேரக் கணக்கு

இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை. நியூயார்க் என்றால் ஒன்பதரை, பத்தரை. வருடம் முழுக்க ஒரே கணக்கை வைத்துக் கதை எழுதாதீர்கள். அக்டோபர் கடைசியில் ஜெர்மனியில் கடிகாரம் மாறியது தெரியாமல் அம்மா வழக்கமான நேரத்துக்கே கூப்பிட்டு எழுப்பிவிடுவார். அந்த அழைப்பைப் படத்தில் வையுங்கள்.

அனுமதி

"அம்மாதானே" என்று கேட்காமல் விடுவது. மோனா ஹாத்தூம் என்ற கலைஞர் 1988இல் செய்த 'மெஷர்ஸ் ஆஃப் டிஸ்டன்ஸ்' காணொளியில் பெய்ரூட்டில் இருந்த அம்மா குளிக்கும் படங்கள் வருகின்றன. அந்தப் படங்களைப் பயன்படுத்திக்கொள் என்று அம்மா சம்மதிப்பதும், அப்பாவிடம் சொல்லாதே என்பதும் அந்தக் காணொளியில் வாசிக்கப்படும் கடிதங்களிலேயே இருக்கிறது. உங்கள் அம்மாவிடம் முடித்த படைப்பைப் போட்டுக் காட்டிக் கேளுங்கள். மருமகளைப் பற்றிச் சொன்னதை எடுத்துவிடு என்றால் எடுத்துவிடுங்கள்.

ஆல்பப் படங்களை வாட்ஸ்அப்பில் வாங்குவது

தரம் குறைந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.