பள்ளியில் சாரணர் படை இல்லையா? வீட்டிலிருந்தே தொடங்குவது எப்படி

கொடைக்கானல் மலைக்கிராமங்களான மன்னவனூர், பூண்டி, கிளாவரைப் பக்கத்துப் பிள்ளைகள் சாரணராக ஆசைப்பட்டால் முதலில் இடிப்பது பஸ்தான். பள்ளியில் படை இருக்காது, கொடைக்கானல் போய்ப் பயிற்சி முடித்துத் திரும்புவதற்குள் இருட்டிவிடும், வழியில் காட்டெருமை நின்றால் அது நகரும்வரை பஸ்ஸும் நகராது. அமெரிக்காவில் பண்ணைகளில் தனியாக வளர்ந்த பையன்களுக்கென்றே வில்லியம் பாய்ஸ் 1915-ல் தனிச் சாரணர் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார், 1924-ல் அது அந்நாட்டுச் சாரணர் இயக்கத்தோடு இணைந்தது. இன்றும் அங்கே வீட்டிலிருந்தபடியே சாரணராக இருக்கலாம், பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோதான் வழிகாட்டி. அந்த முறையை இங்கேயும் பழகிப் பார்க்கலாம்.

ஒரே நிபந்தனை, நீங்கள் வாத்தியார் ஆகக்கூடாது. பிள்ளை கற்றுக்கொண்டு வந்து காட்ட வேண்டும், நீங்கள் பார்த்துச் சரி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் வாங்க வேண்டியவை

ஒரு நோட்டு, ஆளுக்கு இரண்டு மூன்று மீட்டர் பருத்திக் கயிறு. நைலான் வேண்டாம், வழுக்கும். சீருடையும் தொப்பியும் இப்போது வாங்காதீர்கள், கடையில் அதைப் பார்த்ததுமே பாதி ஆசை தீர்ந்துபோகிறது. சாரணர் உறுதிமொழி, ஒன்பது அம்சச் சாரணர் சட்டம், இடக்கைக் குலுக்கல், தினம் ஒரு நற்செயல் இவற்றையெல்லாம் முதல் வாரத்திலேயே நோட்டில் எழுதட்டும். நற்செயலை மட்டும் நீங்கள் ஞாபகப்படுத்தாதீர்கள், சொல்லிச் செய்தால் அது வீட்டு வேலை.

முடிச்சு

ரீஃப் நாட்டில் ஆரம்பிக்கலாம். வலது முனையை இடதின் மேல் போட்டு ஒரு சுற்று, அப்புறம் இடதை வலதின் மேல் போட்டு ஒரு சுற்று. இரண்டு தடவையும் ஒரே பக்கம் சுற்றினால் பார்க்க முடிச்சு மாதிரியே இருக்கும், ஆனால் உருவிக்கொள்ளும். இது கட்டுப்போடத்தான், பாரம் தூக்க அல்ல. அடுத்தது கம்பத்தில் கட்டும் குளோவ் ஹிட்ச், பிறகு இறுகாத வளையம் தரும் போலைன். கண்ணை மூடிக்கொண்டு போட்டால்தான் பாஸ்.

திசை

இதைத்தான் நான் ரொம்ப நேரம் சொல்வேன். வெளிநாட்டுச் சாரணர் புத்தகங்கள் வடக்கைக் கண்டுபிடிக்கத் துருவ நட்சத்திரத்தைப் பார் என்கின்றன. ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ ஏறக்குறைய அத்தனை டிகிரி உயரத்தில்தான் அது நிற்கும். கொடைக்கானலுக்கு ஏறக்குறைய 10. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலமும் கிட்டத்தட்ட 10 டிகிரிதான், ஆக அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரம், வடக்கே ஒரு முகடு இருந்தால் முடிந்தது கதை. அதற்குப் பதிலாக ஓரியன் என்ற வேட்டைக்காரன் உருவ நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைக் காட்டுங்கள். அவை ஏறக்குறைய நேர்கிழக்கில் உதித்து நேர்மேற்கில் மறையும். நம் பக்கம் நட்சத்திரங்கள் கிட்டத்தட்டச் செங்குத்தாகவே ஏறுவதால், மலைக்கு மேலே தலைகாட்டும்போது பார்த்தாலும் பெரிய பிசகு வராது. ஜனவரியில் முன்னிரவிலேயே கிழக்குப் பக்கம் இருக்கும். உறைபனி விழுகிற சமயம், ஸ்வெட்டரும் குல்லாவும் மறக்க வேண்டாம். மரத்தில் பாசி வடக்குப் பக்கம் பிடிக்கும் என்பதை நம்பாதீர்கள், சோலைக்காட்டு மரத்தில் சுற்றிச் சுற்றி பாசிதான்.

சமையல்

வீட்டு முற்றத்தில் மட்டும், பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீரோடு. சோலையிலோ பைன் மரத்தடியிலோ கூடவே கூடாது, பனிக்காலம் முடிந்து புல் காய்ந்த மாதங்களில் முற்றத்திலும் வேண்டாம். 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் சோறு வேக அதிக நேரம் பிடிக்கும். எவ்வளவு நேரம் என்று பிள்ளையே கடிகாரம் பார்த்து நோட்டில் எழுதட்டும். அரிசி நறுக்கென்று இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள்.

கூட்டாளிகள்

பிள்ளை தனியாளாகச் செய்ய முடியாதது இது. 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் முதல் முகாம் போட்டபோதே சுமார் 20 பையன்களை நான்கு அணிகளாகப் பிரித்துத்தான் வேலை கொடுத்தார். அதனால் சித்தப்பா பிள்ளைகள், பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் என்று மூன்று நான்கு பேரைச் சேர்த்துவிடுங்கள். ஞாயிறு என்ன செய்வது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். காட்டோரம் நடப்பதாக இருந்தால் மட்டும் பெரியவர் ஒருவர் பின்னால் போக வேண்டும். அட்டை ஏறினால் பிடித்து இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பி எடுக்கக் கற்றுக்கொடுங்கள், அதுவும் முதலுதவிப் பாடம்தான்.

பதிவு

பேட்ஜ் மட்டும் வீட்டில் கொடுக்க முடியாது. பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் 10 வயதிலிருந்து சாரணர் பிரிவு, அதற்குக் கீழே சிறுவர்களுக்குக் குருளையர், சிறுமிகளுக்கு நீலப்பறவை. பள்ளி சாராத திறந்த படைகளும் உண்டு. தலைமையாசிரியர் மூலமாக மாவட்டச் செயலாளரை விசாரித்து, ஏதாவதொரு படையில் பெயர் பதிந்துகொண்டு, சாரணரின் முதல் இரண்டு படிகளான பிரவேஷ், பிரதம சோபான் தேர்வுகளுக்கு மட்டும் போய் வர முடியுமா என்று கேளுங்கள். போகும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள், பேச்சைப் பிள்ளையே தொடங்கட்டும்.