மொட்டை முதல் வெந்நீர் வரை: சில தவறுகள்

முகூர்த்த நாளில் திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலுக்குப் போனால் ஒரு பக்கம் மாலையும் கழுத்துமாகக் கல்யாண ஜோடிகள், இன்னொரு பக்கம் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். திருப்பதி போக முடியாதவர்கள் வேண்டுதலை இங்கே முடித்துக்கொள்வது கடலூர்ப் பக்கத்து வழக்கம். வேண்டுதலில் நான் தலையிடவில்லை. ஆனால், "இன்னும் ரெண்டு மொட்டை போடுங்க, அப்பதான் புள்ளைக்கு முடி அடர்த்தியா வரும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வெளியே தெரியும் முடி, கெரட்டின் என்ற புரதத்தால் ஆன உயிரற்ற இழை. உயிர் இருப்பது தோலுக்குள், மயிர்க்காலில். மேலே கத்தி பட்ட சேதி அதற்குப் போகவே போகாது. மயிர்க்கால்களின் எண்ணிக்கையும் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. மழித்த பின் முடி சொரசொரப்பாக இருப்பது, கூராக இருந்த நுனி போய் மொட்டை நுனி வருவதால்தான். 1928லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூற்றியலாளர் ஆண்களைச் சவரம் செய்யவைத்து அளந்து பார்த்தார்; வளரும் வேகமும் மாறவில்லை, தடிமனும் மாறவில்லை. குழந்தையின் பூனைமுடி வயது ஏற ஏறத் தானாகவே தடிக்கும். பெயர் மொட்டைக்குப் போய்விடுகிறது!

எண்ணெய் தேய்த்தால் வேருக்குச் சத்துப் போய் முடி வளரும் என்பதும் இப்படித்தான். எண்ணெய் இழையின் மேல் படிந்து உராய்வைக் குறைக்கும், உடைவதைத் தடுக்கும். வேருக்குச் சாப்பாடு ரத்தத்தின் வழியாகத்தான் போகிறது.

அடுத்து, முடி கொட்டினால் உடனே போர் தண்ணீரைத் திட்டுவது. உப்புத் தண்ணீரில் முடி விறைத்து உடையலாம், ஆனால் உடைவது வேறு, கொட்டுவது வேறு. விழுந்த முடியின் ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேரோடு வந்தது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை அப்படி விழுவது சாதாரணம். கடுமையான காய்ச்சலோ பிரசவமோ வந்தால் நிறைய முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக விழும். அதற்குள் காய்ச்சலை மறந்திருப்போம், பழி போன வாரம் மாற்றிய ஷாம்பு மேல் விழும். பெரும்பாலும் இது தானாகச் சரியாகிவிடும். வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தால் மட்டும் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

முடி உயிரற்றது என்றால் கை மயிரில் எறும்பு ஊர்வது எப்படித் தெரிகிறது? மயிர்க்காலைச் சுற்றி நரம்பு நுனிகள் பின்னிக்கிடக்கின்றன. முடி நெம்புகோல் மாதிரி அசைய, அவை விழித்துக்கொள்கின்றன.

தொடுவதைப் போலவே சூட்டை உணரவும் தோலில் நரம்பு உண்டு. அதில் ஒரு புரதக் கதவு இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது திறக்கும். மிளகாயின் காரப்பொருளும் அதே கதவைத் திறப்பதால்தான் மிளகாய் நறுக்கிய கை நெருப்பாக எரிகிறது. (இந்தக் கதவைக் கண்டுபிடித்த விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.) காரப்பொருள் தண்ணீரில் எளிதில் கரையாது. முதலில் சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, அப்புறம் சோப்புப் போடுங்கள்.

பற்பசையில் உள்ள மென்தால் குளிர்ச்சிக்கான கதவைத் திறக்கிறது. ஜில்லென்று இருக்கும், தோலின் சூடு இறங்காது. அதனால் சுட்ட புண்ணில் பற்பசை பூசாதீர்கள். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

எனக்கு அதிகம் பயம் தருவது சர்க்கரை நோயாளிகளின் கால். நீளமான நரம்புகள் முதலில் பழுதாவதால் பாதம்தான் முதலில் மரத்துப்போகும். "சுடலையே" என்று மத்தியான வெயிலில் சில்வர் பீச் மணலில் வெறுங்காலோடு நடப்பார்கள். சுடாததுதான் அங்கே சிக்கல். எங்கள் மாமா ஒருவர் செருப்புக்குள் சிப்பித் துண்டு கிடந்தது தெரியாமல் சாயங்காலம் முழுக்க நடந்தார். வீட்டுத் தரையில் ரத்தக்கறையைப் பார்த்த அத்தைதான் கண்டுபிடித்தார்.

சர்க்கரை நோயாளிகள் வெந்நீரைக் காலால் சோதிக்கவே கூடாது, முழங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். மருத்துவர்கள் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து உணர்வைச் சோதிப்பார்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது கேட்டுச் செய்துகொள்ளுங்கள். செருப்பை மாட்டும் முன் ஒரு தடவை கவிழ்த்துத் தட்டிவிடுங்கள். மாமா இப்போது வாசலில் அதைத்தான் செய்கிறார்.