சின்ன விமானத்தில் கேபின் க்ரூ ஆவது எப்படி? பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

அல்சூர், சிவாஜிநகர், ராமமூர்த்தி நகர் பக்கத்துப் பிள்ளைகள் கேபின் க்ரூ வேலையைப் பற்றி, அதாவது விமானத்துக்குள் பயணிகளையும் அவர்கள் பாதுகாப்பையும் கவனிக்கும் வேலையைப் பற்றி, என்னிடம் விசாரிக்கும்போது முதலில் கேட்பது, “அக்கா, எந்த இன்ஸ்டிடியூட்ல சேரலாம்?” என்றுதான். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: எதிலும் சேர வேண்டிய கட்டாயம் இல்லை.

விமானி ஆக வேண்டுமானால் பறக்கப் படித்து, மத்திய அரசின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏவிடம் லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் வேலை தேட முடியும். கேபின் க்ரூவுக்கு அந்த முறை கிடையாது. ஏர்லைன் உங்களைத் தேர்ந்தெடுத்த பிறகு, டிஜிசிஏ ஒப்புதல் பெற்ற பாடத்திட்டப்படி, தன்னுடைய விமானத்துக்கான பயிற்சியைத் தானே கொடுக்கும். வெளியே வாங்கிய சான்றிதழ் அந்தப் பயிற்சிக்கு ஈடாகாது. அதைக் காட்டி ஒரு நாள்கூட விமானத்தில் வேலை செய்ய முடியாது. ஆங்கிலம் பேசத் தயக்கம் இருந்தால் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போங்கள், அது நியாயமான செலவு. நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். ஹோட்டல் ரிசப்ஷனிலோ, கால் சென்டரிலோ, மருத்துவமனையிலோ இரண்டு வருடம் மனிதர்களைச் சமாளித்த அனுபவம் இருந்தால் இண்டர்வியூவில் அதற்கு மதிப்பு அதிகம்.

படி 1: எந்த விமானம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெங்களூரிலிருந்து திருச்சி, மதுரை மாதிரி ஊர்களுக்குப் போகும்போது இறக்கைக்குக் கீழே விசிறி சுற்றும் விமானம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அது ஏடிஆர் 72. இண்டிகோ, அலையன்ஸ் ஏர் இரண்டிலும் இருக்கிறது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஏர், எம்ப்ரேயர் 145, 175 என்ற சிறிய ஜெட்களை ஓட்டுகிறது. 2016-ல் மத்திய அரசு உடான் திட்டத்தை அறிவித்த பிறகு, சின்ன ஊர்களின் விமான நிலையங்களுக்கு இப்படிப்பட்ட விமானங்கள் அதிகமாகப் போகத் தொடங்கின.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஆள்கணக்கு. 50 இருக்கைக்கு ஒரு கேபின் க்ரூ என்பது விதி. 78 இருக்கை உள்ள இண்டிகோ ஏடிஆரில் இரண்டு பேர். 50 இருக்கை உள்ள எம்ப்ரேயர் 145-ல் ஒருவர் போதும். அதாவது, வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே பாதி விமானமோ முழு விமானமோ உங்கள் பொறுப்புக்கு வந்துவிடும். பெரிய விமானத்தில் பக்கத்திலேயே ஒரு சீனியர் இருப்பார். இங்கே சீனியர் இன்னொரு முனையில் இருப்பார், அல்லது நீங்கள்தான் சீனியர். சீக்கிரம் பொறுப்பு ஏற்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்று நான் மனதார நம்புகிறேன்.

ஒரு விஷயத்தை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பேஸ், அதாவது நீங்கள் தங்கி வேலைக்குக் கிளம்பும் ஊர், எது என்பதை ஏர்லைன்தான் முடிவு செய்யும். பெங்களூர் கேட்டால் ஹைதராபாத்தோ டெல்லியோ கிடைக்கலாம். வீட்டில் இப்போதே பேசி வையுங்கள்.

படி 2: தகுதி

டிஜிசிஏ கேட்பது 18 வயதும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும். மீதியை ஏர்லைன் சேர்க்கும். புதியவர்களுக்கு 27 வயது வரை, பெண்களுக்கு 155 செ.மீ. உயரம் என்பவை அறிவிப்புகளில் அடிக்கடி வருபவை. ஆண்களை எடுக்கும் அறிவிப்புகள் குறைவு, அதனால் தம்பிகள் கடைசி வரி வரை படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். யூனிஃபார்மில் வெளியே தெரியும் டாட்டூ இருந்தால் பெரும்பாலும் முதல் சுற்றிலேயே அனுப்பிவிடுவார்கள். நிறத்தைப் பற்றிக் கவலைப்பட்டு க்ரீம் வாங்காதீர்கள். சுத்தமான சருமம், நல்ல பல், நேராக நிற்கும் உடம்பு, இவைதான் பார்க்கப்படும்.

படி 3: காகிதங்கள் (இன்றே தொடங்க வேண்டியது)

நம் பிள்ளைகள் நிஜமாகவே மாட்டிக்கொள்வது இங்கேதான். காரணம் இன்ஷியல்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் “எஸ். கவிதா”. ஆதாரில் “கவிதா செல்வம்”. பான் கார்டில் “செல்வம் கவிதா”. பாஸ்போர்ட்டில் இன்ஷியலை விரித்து எழுத வேண்டும் என்பதால் அங்கே நான்காவதாக ஒரு வடிவம். வீட்டில் எல்லாருக்கும் இது ஒரே கவிதாதான். ஆனால் விமான நிலையத்துக்குள் நுழைய உங்களுக்கு ஏர்போர்ட் என்ட்ரி பாஸ் வேண்டும், அதற்குப் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு நான்கு பெயர் என்றால் நான்கு கேள்வி. பயிற்சியில் சேரும் நேரத்தில் இதைத் திருத்த ஓடினால் உங்கள் பேட்ச் போய்விடும்.

அதனால் செய்ய வேண்டிய வரிசை இது. பள்ளிச் சான்றிதழை அடிப்படையாக வைத்து, இன்ஷியலுக்கு அப்பா பெயரையோ அம்மா பெயரையோ விரித்து, ஆதாரை முதலில் சரிசெய்யுங்கள். அடுத்து பான். பிறகு அதே எழுத்துக்கூட்டலில் பாஸ்போர்ட். பெங்களூரில் லால்பாக் ரோடு, மாரத்தஹள்ளி இரண்டு இடத்திலும் பாஸ்போர்ட் சேவா கேந்திரம் இருக்கிறது. சாதாரண 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். பி.ஜி.யில் தங்கியிருக்கிறீர்களா? போலீஸ் சரிபார்ப்பு நீங்கள் எழுதிய முகவரிக்குத்தான் வரும். ஊர் முகவரியைக் கொடுத்துவிட்டு இங்கே காத்திருந்தால் வேலை நகராது.

படி 4: விண்ணப்பமும் இண்டர்வியூவும்

விண்ணப்பத்தை ஏர்லைனின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கத்தில் மட்டும் போடுங்கள். வாக்-இன் தேதிகளும் அங்கேதான் வரும். “செலக்ட் ஆகிட்டீங்க, யூனிஃபார்முக்கு டெபாசிட் கட்டுங்க” என்று வாட்ஸப்பில் யாராவது கேட்டால் அது மோசடி. ஆள் எடுப்பதற்குப் பணம் வாங்குவதில்லை என்று ஏர்லைன்கள் தங்கள் பக்கத்திலேயே எச்சரித்திருக்கின்றன.

அன்றைக்கு நடப்பது ஏறக்குறைய இப்படி: உயரம், எடை பார்ப்பார்கள். பைகள் வைக்கும் மேல்தட்டு எட்டுகிறதா என்று கையைத் தூக்கச் சொல்வார்கள். சுய அறிமுகம். குழுவாகப் பேச விடுவார்கள். கடைசியில் தனி இண்டர்வியூ. முழங்கால் வரை ஃபார்மல் ஸ்கர்ட், சட்டை, இழுத்துக் கட்டிய கொண்டை, மூடிய ஷூ என்று எளிமையாகப் போங்கள்.

குழுப் பேச்சில் அதிகம் பேசுகிறவரைத்தான் எடுப்பார்கள் என்று நினைத்து முண்டியடிக்க வேண்டாம். வாய் திறக்காமல் இருக்கும் ஒருத்தியைப் பார்த்து “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்கும் பெண்ணை அவர்கள் குறித்துக்கொள்வார்கள். தனி இண்டர்வியூவில் “ஏன் இந்த வேலை?” என்று கேட்டால், ஊர் சுற்றலாம் என்று சொல்லாதீர்கள். ஒரு கோபக்காரரையோ ஒரு நோயாளியையோ நீங்கள் சமாளித்த ஒரு நிகழ்ச்சியை, என்ன சொன்னீர்கள், என்ன செய்தீர்கள் என்பதோடு இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள்.

இந்தி பற்றிய பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. இண்டர்வியூ ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனால் வேலையில் இந்தி வேண்டும், அறிவிப்புகளும் வாசிக்க வேண்டும். பேச்சு இந்தி பழகிக்கொள்ளுங்கள். அதைவிட, தமிழும் கன்னடமும் சரளமாக வரும் என்பதை விண்ணப்பத்தில் மறக்காமல் எழுதுங்கள். ஹுப்பள்ளி, மதுரை மாதிரி செக்டர்களில் (செக்டர் என்றால் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கான ஒரு பறப்பு) ஆங்கிலமும் இந்தியும் தெரியாத பயணிகள் தினமும் வருகிறார்கள். அவர்களிடம் அவர்கள் மொழியில் பேசக்கூடிய க்ரூ அந்த விமானத்துக்கு ஒரு பாதுகாப்பு.

படி 5: மெடிக்கல், பாண்ட்

கண், காது, ரத்தம், பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்ற கணக்கு) எல்லாம் பார்ப்பார்கள். அதற்காகப் பட்டினி கிடக்காதீர்கள். ரத்தசோகை வந்தால் அதுவே தடையாகும்.

ஆஃபர் கடிதத்தோடு பாண்ட், அதாவது இத்தனை வருடம் விலகமாட்டேன் என்ற ஒப்பந்தம், வந்தால் எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், பயிற்சிக் காலத்தில் சம்பளமா உதவித்தொகையா, தங்குமிடம் யார் செலவு என்று நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சம்பளம் பொதுவாக ஒரு நிலையான தொகையும் பறந்த மணிநேரத்துக்கான தொகையும் சேர்ந்தது. எனவே ஒரு மாதம் கை நிறைய வரும், அடுத்த மாதம் குறையும். கல்விக் கடனோ வீட்டு வாடகையோ நிலையான தொகைக்குள் அடங்குமா என்று கணக்குப் பாருங்கள்.

படி 6: பயிற்சி

இதுதான் இந்த வேலையின் உயிர். கை நடுங்காமல் காபி ஊற்றுவதும் இருக்கும், ஆனால் பெரும்பகுதி பாதுகாப்பும் அவசரகால நடைமுறையும்தான். தீயணைப்பான் எடுத்து நிஜத் தீயை அணைப்பது, புகை நிறைந்த அறையில் தவழ்ந்து வெளியேறுவது, தண்ணீரில் மிதப்பது, முதலுதவி, நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிப்பது, ஆபத்தான சரக்குகளை அடையாளம் காண்பது. ஒவ்வொன்றுக்கும் தேர்வு உண்டு. 35 வாங்கினால் பாஸ் என்ற பள்ளிக் கணக்கு இங்கே செல்லாது. நீச்சல் தெரியாதவர்கள் இப்போதே கற்றுக்கொண்டால் அந்த நாள் பயமில்லாமல் போகும்.

44 இருக்கைக்கு மேற்பட்ட பயணிகள் விமானம் எதுவாக இருந்தாலும், கதவுகளில் பாதி மட்டும் திறக்கும் நிலையிலும் எல்லோரும் 90 வினாடியில் வெளியேற முடியும் என்று காட்டித்தான் சான்றிதழ் வாங்க வேண்டும். காகிதத்தில் இருக்கும் இந்தக் கணக்கை நிஜமாக்குகிறவர்கள் க்ரூ. 2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோ ஹனேடா ஓடுபாதையில் மோதித் தீப்பிடித்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அறிவிப்பு ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. க்ரூ மெகாஃபோனிலும் வெறும் குரலிலும் கத்தி, பைகளை விட்டுவிட்டு வரச்செய்தார்கள். கட்டளை வார்த்தைகளை வகுப்பில் உரக்கக் கத்தச் சொல்லும்போது வெட்கப்படாதீர்கள். வீட்டு மொட்டைமாடியிலும் கத்திப் பழகுங்கள்.

ஏடிஆர் பயிற்சியில் சில விஷயங்கள் வேறு மாதிரி. பயணிகள் ஏறும் கதவு பின்பக்கம். அவசரக் கதவுகள் முன்பக்கம். தரைக்கு மிக அருகில் இருப்பதால் ஜெட்டில் உள்ளது போல் ஊதிப் பெருகும் சறுக்குப் பலகை கிடையாது. எல்லோரும் பின்னால் ஏறும்போது வால் தாழ்ந்துவிடக்கூடாது என்று அங்கே ஒரு முட்டுக்கம்பி நிறுத்துவார்கள். அதனால்தான் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற தலைக்கணக்கு இங்கே மிக முக்கியம். பத்துப் பேர் தங்கள் இஷ்டத்துக்கு இடம் மாறினால் எடைச் சமநிலை மாறும், கேப்டனிடம் சொல்லியாக வேண்டும்.

இது முடிந்ததும் கூடுதல் ஆளாகச் சில விமானங்களில் அனுப்புவார்கள். அங்கே கேள்வி கேளுங்கள், குறிப்பெடுங்கள்.

படி 7: முதல் செக்டர்கள்

விமானத்துக்கு முன் மூச்சுப் பரிசோதனை நடக்கும். இயந்திரம் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். முதல் முறை மாட்டினாலே மூன்று மாதம் பறக்க முடியாது. குடிக்காதவர்களும் கவனியுங்கள்: ஆல்கஹால் கலந்த மவுத்வாஷைப் பயன்படுத்தக்கூடாது என்று 2023-ல் டிஜிசிஏ விதியிலேயே சேர்த்துவிட்டது. இருமல் மருந்து பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்காமல் ஒரு மூடிகூடக் குடிக்காதீர்கள்.

பயணிகள் ஏறும்போது என்ன நடக்கும் என்பதற்குத் திருச்சி செக்டரில் அடிக்கடி வரும் ஒரு காட்சி. முதல் முறை பறக்கும் ஒரு பாட்டி, அவசரக் கதவு வரிசையில் உட்கார்ந்து, துணிப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருக்கிறார். அந்த இருக்கையில் கதவைத் திறக்கத் தெம்புள்ளவர்தான் இருக்க வேண்டும். “இங்கே உட்காரக்கூடாது” என்று சொன்னால் பாட்டிக்கு முகம் வாடிவிடும். குனிந்து, கண்ணுக்கு நேராக நின்று, “பாட்டி, இந்த சீட்டுக்கு அவசரத்துல கதவைத் திறக்கிற வேலை இருக்கு. நாலு வரிசை பின்னாடி ஜன்னலோரமா இடம் தர்றேன், வாங்க” என்றால் எழுந்துவிடுவார். பையைச் சீட்டுக்கு அடியில் வைத்து, பெல்ட் கொக்கியை அவர் கையாலேயே ஒரு முறை மாட்டி, ஒரு முறை கழற்றச் செய்யுங்கள். மாட்டிவிடுவதைவிடக் கழற்றக் கற்றுக்கொடுப்பது முக்கியம்.

பிறகு க்ரூவுக்கான மடக்கு இருக்கையான ஜம்ப் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டதும், டேக்-ஆஃபுக்கு முன் அரை நிமிடம் மனதுக்குள் ஓட்டிப் பார்க்கப் பழகுங்கள். என் கதவு எது, கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும், வெளியே தீ இருந்தால் எங்கே திருப்பிவிடுவேன், இந்தக் கேபினில் உதவக்கூடிய பயணி யார், தூக்கிச் செல்ல வேண்டியவர் யார். லேண்டிங்குக்கு முன்பும் அதே கேள்விகள். நாளுக்கு நான்கைந்து செக்டர் இருந்தாலும் ஒன்றில்கூட இதை விடாதீர்கள்.

படி 8: ரோஸ்டரோடு (வேலை அட்டவணையோடு) வாழ்வது

செக்டர்கள் குட்டையானவை. ஒரு மணிநேரத்துக்குள் ஏறி, பரிமாறி, குப்பை எடுத்து, இறங்கி, உடனே அடுத்த கூட்டம். கால் வலிக்கும். சளி பிடித்திருந்தால் பறக்காதீர்கள், காது ஜவ்வு கிழியலாம். உடம்பு சரியில்லை என்று சிக் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

கெம்பேகௌடா விமான நிலையம் மெஜஸ்டிக்கிலிருந்து 35 கி.மீ. இருக்கும். அதிகாலை நான்கு மணி ரிப்போர்ட்டிங் என்றால் இரண்டரைக்கே கிளம்ப வேண்டும். க்ரூ கேப் உங்கள் தெரு வரை வருமா என்று சேரும்போதே கேளுங்கள். வராது என்றால் ஹெப்பாள், எலஹங்கா பக்கம் நான்கு பேராகச் சேர்ந்து வீடு எடுப்பது நல்லது. விமான நிலையத்துக்கு ஓடும் வாயு வஜ்ரா பஸ்ஸை வீட்டுக்குத் திரும்பும்போது பயன்படுத்துங்கள், வேலைக்குப் போகும்போது ஹெப்பாள் மேம்பாலத்தை நம்ப வேண்டாம்.

இரவு நேர வேலை என்று அப்பா அம்மா பயப்படுவார்கள். அவர்களோடு சண்டை போடாமல், ரோஸ்டரை மாதா மாதம் வீட்டுக்கு அனுப்புங்கள். தங்கும் ஊர், ஹோட்டல் பெயர், கேப் எண் மூன்றையும் ஒருவருக்காவது தெரியப்படுத்துங்கள். ஸ்டாண்ட்பை நாளில், அதாவது அழைப்புக்குக் காத்திருக்கும் நாளில், யூனிஃபார்ம் இஸ்திரி போட்டபடி, பாஸ்போர்ட்டும் என்ட்ரி பாஸும் பைக்குள் இருக்கட்டும். கூப்பிட்டால் உடனே கிளம்ப வேண்டும், அதனால் அன்றைக்குச் சினிமாவுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.