கோழிக்கடை இறகில் ட்ரவுட் ஃப்ளை கட்டுவது

நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து ஓடைகளில் உள்ள ட்ரவுட், 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியர் கொண்டுவந்து விட்ட மீன். அதைப் பிடிக்கத் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்யும் போலிப் பூச்சிகளான ஃப்ளைகளும் அவர்கள் ஊர்ப் பறவைகளை வைத்து உருவானவைதான். அவற்றின் பொருள் பட்டியல்களை அப்படியே பின்பற்றப் போனால் முதலில் சட்டத்தில் மாட்டுவோம். இலங்கைக் காட்டுக்கோழி நம் தேசியப் பறவை. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பழைய சால்மன் மீன் ஃப்ளைகளில் கண் போல மின்னும் இறகு இந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியுடையது. நம் காட்டுக்கோழியின் கழுத்தில் அந்த மெழுகுப் புள்ளியே கிடையாது. மயிலிறகையும் விட்டுவிடுங்கள். கரும்பச்சைக் கம்பளி நூலோடு ஒற்றைச் சரிகை இழையை முறுக்கிச் சுற்றினால், தண்ணீருக்குள் அந்த மினுக்கம் வந்துவிடும்.

முதலில் கட்டிப் பழக ஏற்றது மென்னிறகு வெட் ஃப்ளை, அதாவது நீருக்குள் மூழ்கி ஓடும் வகை. இதற்குக் கொழும்பை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

இறகைக் கோழிக்கடையில் கேளுங்கள், வெந்நீரில் முக்குவதற்கு முன்பே. முக்கியெடுத்த இறகு ஒட்டிச் சுருண்டுவிடும். கழுவி, ஹெயார் ட்ரையரால் காய வைத்தால் ஓரளவுதான் மீளும். புரொய்லர் ஆறேழு வாரக் குஞ்சு என்பதால் இறகு மென்மையாக இருக்கும். வெட் ஃப்ளைக்கு அந்த மென்மைதான் வேண்டும்: நீரோட்டத்தில் இழைகள் அசைந்து பூச்சியின் கால் போலத் தெரியும். மிதக்கும் ட்ரை ஃப்ளைக்கு இது சரிவராது, நீரை உறிஞ்சி மூழ்கும். அதற்கு முதிர்ந்த ஊர்ச்சேவலின் விறைப்பான கழுத்து இறகு தேவை.

பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்ட நீரில் அலசி எண்ணெயைப் போக்குங்கள். எண்ணெய் இருந்தால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். காய்ந்ததும் பொலித்தீன் பையில் இறுக்கி ஃப்ரீசரில் ஒரு வாரம், வெளியே ஒரு நாள், மறுபடி ஒரு வாரம் வையுங்கள். முதல் குளிரில் தப்பிய பேன்களுக்காகத்தான் இந்த இரண்டாவது குளிர். வெள்ளை இறகைப் பழுப்பாக்க, 1 லீற்றர் நீரில் 4 மேசைக்கரண்டி தேயிலைத் தூளைக் கொதிக்க வைத்து வடித்து, சூடு சற்றுத் தணிந்தபின் ஊற வையுங்கள். ஈரத்தில் கடுமையாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் ஒரு படி வெளுக்கும். அதைக் கணக்கில் வைத்தே வெளியே எடுங்கள்.

மற்றவை: 12 அல்லது 14 ஆம் இலக்கத் தூண்டில் முள், எம்பிராய்டரி மெஷினின் அடிநூல், செம்மஞ்சள் எம்பிராய்டரி நூல் (ஆறு இழையில் ஒன்று மட்டும்), மோட்டார் சுற்றும் கடையில் வீசும் 0.1 மி.மீ. செப்புக் கம்பி, நிறமில்லா நெயில் பொலிஷ், முள்ளைக் கவ்விப் பிடிக்கச் சின்ன வைஸ். சாதாரணத் தையல் நூல் தடித்தது, ஃப்ளையின் தலை வீங்கிவிடும்.

முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டும் சின்னக் கொக்கியை முதலிலேயே நசுக்குங்கள். கட்டி முடித்து நசுக்கும்போது முள் உடைந்தால் ஃப்ளையும் போச்சு. முள்ளின் காதுக்கு (தூண்டில் நரம்பு கோர்க்கும் துளை) பின்னால் ஒரு காதளவு இடம் விட்டு நூலைத் தொடங்கி, வளைவு தொடங்கும் இடம்வரை சுற்றி, அங்கே கம்பியையும் செம்மஞ்சள் இழையையும் கட்டுங்கள். நூலை முன்னே கொண்டுவந்து, இழையை நெருக்கமாகச் சுற்றி நிறுத்துங்கள். கம்பியை எதிர்த்திசையில் ஐந்து சுற்று, இடைவெளி விட்டு. ஒரே திசையில் சுற்றினால் கம்பி இழைக்குள் புதைந்துவிடும்.

இறகில் பார்க்க வேண்டியது இழையின் நீளம். காதருகே பிடித்தால் முள்ளின் வளைவைத் தொட வேண்டும், அதற்கு மேல் போகக்கூடாது. நீண்டால் மீன் இழையை மட்டும் கடித்துவிட்டுப் போகும். அடிப்பஞ்சை உரித்துவிட்டு, நுனியைப் பிடித்து மற்ற இழைகளைப் பின்னோக்கித் தடவுங்கள். நுனியைக் கட்டுங்கள், குழிந்த பக்கம் முள்ளின் வளைவைப் பார்க்கட்டும். தண்டை முதலைக் கிளிப்பில் பிடித்து, ஒவ்வொரு சுற்றிலும் இழைகளைப் பின்னே ஒதுக்கியபடி இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றுக்குக் கை தானாகப் போகும், போக விடாதீர்கள்: அடர்ந்தால் அசைவு போய்விடும். தண்டு உடைந்தால் இறகு வறண்டிருக்கிறது என்று அர்த்தம்; ஈரத்துணிக்குள் பத்து நிமிடம் வைத்தெடுங்கள்.

தண்டை வெட்டி, ஐந்து சுற்று முடிச்சுப் போட்டு, ஊசி நுனியால் பொலிஷ் தொட்டு வையுங்கள். காதுக்குள் வழிந்தால் காயுமுன் ஓர் இறகுத் தண்டை நுழைத்து எடுத்துவிடுங்கள்.

கொழும்பின் ஈரக்காற்றில் முள் விரைவில் துருப்பிடிக்கும். கட்டிய ஃப்ளைகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். மீதி இறகுக்குப் பூச்சி உருண்டை போடுவதென்றால் கண்ணாடி ஜாம் போத்தலே நல்லது, சில பிளாஸ்டிக் பெட்டிகளை அந்த உருண்டை இளக்கிவிடும்.