அரிசிப்பையில் ஓட்டை போட்டது சுண்டெலியா, அந்துப்பூச்சியா?

போன தீபாவளிக்கு முன்னால், சிங்கப்பூரில் எங்கள் யீஷூன் வீட்டு அடுப்படியில் ஐந்து கிலோ பொன்னி அரிசிப்பையில் ஓட்டைகள். எலிதான் என்று முடிவுகட்டி மூன்று ராத்திரி பொறி வைத்தேன். எதுவும் விழவில்லை. நாலாம் நாள் அரிசியைத் தாம்பாளத்தில் கொட்டினேன். ஐந்தாறு மணிகள் சேர்ந்து சேர்ந்து நூலாம்படையில் கட்டியாக ஒட்டிக் கிடந்தன. அது அந்துப்பூச்சிப் புழுவின் வேலை.

அதனால் பொறி வாங்கும் முன் பையைப் பாருங்கள். சுண்டெலி மூலையைக் கடித்துக் குதறும். ஓட்டையின் ஓரம் பிசிறாக இருக்கும், கீழே பிளாஸ்டிக் துணுக்குகள் கிடக்கும். புழு போடுவது குண்டூசித் தலையளவு துளை. அப்புறம், புழுக்கை. சுண்டெலியுடையது 3 முதல் 6 மில்லிமீட்டர், கருப்பாக, முனை கூராக இருக்கும். நுனியில் வெள்ளை இருந்தால் அது பல்லி எச்சம். இங்கே பலர் ஏமாறுவது இதில்தான்.

பூச்சியையும் பார்த்துவிடுங்கள். இறக்கையின் அடிப்பகுதி வெளிர்சாம்பலாகவும் மீதி செம்பு நிறமாகவும் இருந்தால் அது 'இந்தியன் மீல் மாத்'. பெயரில் 'இந்தியன்' இருந்தாலும் இந்தியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முன்பு அமெரிக்காவில் சோளமாவை 'இந்தியன் மீல்' என்பார்கள், அதில் வந்த பெயர். பறக்கிற பூச்சி தானியத்தைத் தின்னாது, தின்பதெல்லாம் புழுதான். பூச்சியை அடித்து மட்டும் தீராது.

நூல் கட்டிய பையை இறுகக் கட்டி வீசிவிடுங்கள். நல்லதாகத் தெரியும் பருப்பு, ரவை, மாவு எல்லாவற்றையும் ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். அலமாரி இடுக்கு, டப்பா மூடியின் மரை, கூரை மூலை வரை வேக்குவம் போடுங்கள். புழு கூடுகட்ட அங்கெல்லாம் ஏறிப்போகும். சாப்பாட்டுப் பொருள் பக்கத்தில் மருந்து அடிக்க வேண்டாம்.

சுண்டெலி என்றால் வழியை அடைக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் இடைவெளி அதற்குப் போதும். சிங்க் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் ஸ்டீல் வுல் (இரும்பு நார்) திணியுங்கள். பொறியைச் சுவரை ஒட்டி வையுங்கள், அது ஓரமாகத்தான் ஓடும். புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள். கையுறை போட்டு, ப்ளீச் கலந்த தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள். சுண்டெலி வாய்வைத்த அரிசியைக் கழுவிச் சமைக்கவே கூடாது.

இப்போதெல்லாம் தேக்கா சந்தையில் பருப்பு வாங்கி வந்தால், பையில் தேதி எழுதி நேரே ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். ஏழு நாள் கழித்துத்தான் டப்பாவில் கொட்டுவேன்.