வரிகள் இல்லாத துதி: ‘அமேசிங் கிரேஸ்’ மெட்டை ஆர்கன், சாக்ஸபோன், டிரம்ஸில் சோல்-ஜாஸாக அமைப்பது

துதிப்பாடலிலிருந்து வரிகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மெட்டும் மூச்சும்தான். மெட்டைக் கெடுக்காமல் வாசிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். மூச்சைத்தான் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள். பாடுகிறவர் எங்கே இழுத்தார், எங்கே நிறுத்தினார், சபை எங்கே பதில் சொன்னது என்பதெல்லாம் வாத்தியத்துக்கு வராவிட்டால், ஹோட்டல் வரவேற்பறைப் பின்னணி இசைதான் கிடைக்கும்.

இங்கே எடுத்துக்கொள்வது சோல்-ஜாஸ், அமெரிக்கக் கறுப்பினத் தேவாலய இசையில் வேரூன்றிய முறை. டெனர் சாக்ஸபோன், ஹேமண்ட் ஆர்கன், டிரம்ஸ் ஆகிய மூன்றும் போதும். பேஸ் கிட்டார் வேண்டாம், ஆர்கன் வாசிப்பவரின் இடது கை அதைப் பார்த்துக்கொள்ளும்.

இந்த மெட்டைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள். ஜான் நியூட்டன் எழுதிய வரிகள் இங்கிலாந்தில் 1779-இல் அச்சானவை. இன்று நாம் அறிந்த மெட்டோடு வில்லியம் வாக்கர் அவற்றைச் சேர்த்தது அமெரிக்காவில், 1835-இல். இரண்டுக்கும் பதிப்புரிமை இல்லை, ஆகவே பதிவு செய்து வெளியிட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். (இன்னொருவர் செய்த புதிய அமைப்பை அப்படியே எடுக்கக் கூடாது, அதற்குத் தனி உரிமை உண்டு.) இரண்டாவது காரணம், மெட்டில் ஐந்தே சுரங்கள். நம் காதுக்கு அது மோகனம்: ச, ரி, க, ப, த. ம-வும் நி-யும் இல்லை. ஐந்து சுரத்தில் நிற்கும் மெட்டு எத்தனை விதமான கார்டையும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தையும்) தாங்கும்.

கீ, வீச்சு

எஃப் கீயில், அதாவது எஃப்-ஐ ஷட்ஜமாக, வையுங்கள். டெனர் சாக்ஸுக்கு எழுதும்போது அது ஜி ஆகும். மெட்டின் வீச்சு கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் பஞ்சமம் வரை, மொத்தம் ஒரே ஸ்தாயி. டெனர் வாசிப்பவர், எழுதிய சுரப்படி, முதல் சரணத்தைக் கீழ் டி-யிலிருந்து நடு டி வரைக்கும், கடைசிச் சரணங்களை நடு டி-யிலிருந்து உள்ளங்கையால் அழுத்தும் கட்டையில் வரும் மேல் டி வரைக்கும் வாசிக்கலாம். கீழ் ஸ்தாயியில் தாடையைத் தளர்த்தி, காற்று கலந்த மெல்லிய ஒலியில் ஊத வேண்டும். அங்கே முழுச் சத்தத்தில் ஊதினால் கீழ் டி கரகரக்கும், ஜெபத்தின் தொனி போய்விடும்.

முதல் சரணத்தை வாசிக்குமுன் வரிகளை வாயால் சொல்லிப் பழகுங்கள். அடிக்கு எட்டு அசை, அடுத்த அடிக்கு ஆறு, பிறகு மறுபடி எட்டு, ஆறு. ஒவ்வொரு அசையையும் நாக்கால் தொட்டு, சொல் முடிகிற இடத்தில் மட்டும் மூச்சு எடுக்க வேண்டும். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1964 டிசம்பரில் பதிவு செய்த ‘எ லவ் சுப்ரீம்’ படைப்பின் நான்காம் பகுதி இப்படித்தான் உருவானது. தாம் எழுதிய ஜெபக் கவிதையின் அசைகளைச் சாக்ஸபோனிலேயே ‘சொல்லியிருக்கிறார்’. கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் வரிக்கு வரி பொருந்துவது தெரியும். இதைவிட நல்ல பாடம் கிடையாது.

முதல் சரணத்துக்குத் தாளம் வேண்டாம். ஆர்கன் ஒவ்வொரு கார்டையும் நீளப் பிடித்திருக்க, சாக்ஸ் இழுத்து இழுத்துச் செல்லட்டும். பழைய கறுப்பினப் பாப்டிஸ்ட் சபைகளில் ஒருவர் ஒரு வரியைச் சொல்ல, சபை அதை நீட்டிப் பாடும் வழக்கம் உண்டு. அதன் வேகம்தான் இது. டிரம்ஸ் வாசிப்பவருக்குக் கை அரிக்கும், சும்மா இருக்கச் சொல்லுங்கள்.

கார்ட்கள்

ஒரு சரணம் 16 பார் (தாளச் சுற்று), பாருக்கு 3 பீட். கீழே உள்ளது ஆர்கன் பிடிக்க வேண்டிய வரிசை.

1: எஃப்
2: எஃப் 7, பேஸில் ஏ
3: பி ஃபிளாட்; மூன்றாம் பீட்டில் பி டிமினிஷ்ட் 7
4: எஃப், பேஸில் சி
5: எஃப்
6: டி மைனர் 7, மூன்றாம் பீட்டில் ஜி 7
7: ஜி மைனர் 7
8: பி ஃபிளாட், பேஸில் சி
9: எஃப்
10, 11, 12: இரண்டு, மூன்று, நான்கு போலவே
13: எஃப், மூன்றாம் பீட்டில் ஏ 7, பேஸில் சி ஷார்ப்
14: டி மைனர் 7, மூன்றாம் பீட்டில் பி ஃபிளாட், பேஸில் சி
15: பி ஃபிளாட், பேஸில் எஃப், மூன்றாம் பீட்டில் பி ஃபிளாட் மைனர் 6
16: எஃப்

இரண்டாம் பாரிலிருந்து நான்காம் பார் வரை பேஸை மட்டும் வாசித்துப் பாருங்கள்: ஏ, பி ஃபிளாட், பி, சி. படிப்படியாக ஏறுகிறது. தேவாலய ஆர்கனின் அடையாளமே இந்த ஏற்றம். நடுவில் வரும் டிமினிஷ்ட் கார்ட் மெட்டின் டி-யையும் தன்னுள் வைத்திருப்பதால் உரசல் இல்லை. பதினைந்தாம், பதினாறாம் பார்களில் வருவது ‘ஆமென்’ முடிவு: நான்காவது கார்டிலிருந்து முதல் கார்டுக்கு இறங்குவது. சபை பாட்டு முடிந்ததும் ‘ஆமென்’ பாடும் அதே நகர்வு. மெட்டின் எஃப் மூன்று கார்டிலும் இருக்கிறது, அதனால் சாக்ஸ் ஒரே சுரத்தை நீட்டிக்கொண்டே இருக்கலாம்.

எட்டாம் பாரில் சாதாரண சி 7 பிடிக்காதீர்கள். அதிலுள்ள ஈ கார்டைக் கறாராக்கி, அவசரமாக வீட்டுக்கு, அதாவது எஃப்-க்கு, இழுக்கும். ஈ இல்லாமல் பி ஃபிளாட்டை சி மேல் வைத்தால் கார்ட் மிதந்து நிற்கும். ஜாஸ் படித்தவர்கள் செய்யும் இன்னொரு தவறு முதல் பாரில் எஃப் மேஜர் 7. மெட்டு அங்கே எஃப்-இல் நிற்கிறது, கார்டின் ஈ அதோடு அரைச்சுர இடைவெளியில் மோதும். வெறும் எஃப் போதும், அழகு வேண்டுமானால் டி-யும் ஜி-யும் சேர்க்கலாம்.

ஆர்கன்

ஹேமண்ட் என்ற மின் ஆர்கன் 1935-இல் சந்தைக்கு வந்தது. பைப் ஆர்கன் வாங்க வசதியில்லாத சபைகள் அதை வாங்கின. ஜாஸும் சோலும் தேடுவது பெரும்பாலும் பி-3 மாடலைத்தான். அசல் எந்திரத்தை அமெரிக்காவிலிருந்து வரவழைக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உள்ளே சுழலும் 91 சக்கரங்களின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்து ஓடுகிறது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை இந்தியா, இலங்கையின் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் முழு ஆர்கனும் ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் இறங்கி ஒலிக்கும். வோல்டேஜ் மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் இதைச் சரிசெய்யாது, அதிர்வெண் மாற்றும் கருவி வேண்டும். டிராபார் (ஒலியின் நிறத்தை அமைக்க இழுக்கும் கம்பி) உள்ள டிஜிட்டல் கீபோர்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. அசல் ஹேமண்ட் கிடைத்துவிட்டால் அதைச் சுருதி சேர்க்க முடியாது, சாக்ஸ்தான் மவுத்பீஸை நகர்த்திச் சேர வேண்டும்.

ஒன்பது டிராபார்களை இடமிருந்து வலமாக எண்ணால் குறிப்பது வழக்கம்: 0 என்றால் மூடியது, 8 என்றால் முழுக்க இழுத்தது. முதல் சரணத்துக்கு மேல் கட்டை வரிசையில் 800000008: அடியில் கனம், உச்சியில் விசில் போல ஒரு கீற்று. சோலோவுக்கு 888000000, அதோடு பெர்கஷனை (சுரத்தின் தொடக்கத்தில் விழும் தட்டொலியை) மூன்றாம் ஹார்மானிக்கிலும் வேகமான தேய்விலும் வையுங்கள். இடது கை பேஸுக்குக் கீழ் வரிசையில் 838000000. உச்சத்தில் ஒன்பதையும் முழுக்க இழுக்கலாம், ஆனால் ஒரே ஒரு தடவை.

பெர்கஷனில் இரண்டு பொறிகள் உண்டு. அதைப் போட்டதும் ஒன்பதாவது டிராபார் மௌனமாகிவிடும். விசில் எங்கே போனது என்று தேடுபவர்கள் முதலில் அந்தச் சுவிட்சைப் பார்க்கட்டும். மேலும், எல்லாக் கட்டைகளையும் விட்ட பிறகு அடிக்கும் முதல் சுரத்தில் மட்டுமே பெர்கஷன் ‘டொக்’ என்று விழும். சுரங்களை ஒட்டி வாசித்தால் அடுத்தது வெறுமையாக வரும். விரலைத் துல்லியமாக எடுத்து வைக்கப் பழக வேண்டும்.

ஆர்கனின் ஒலியைச் சுழற்றித் தரும் ஸ்பீக்கரான லெஸ்லி பெட்டியில் கொம்பு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று, மெதுவில் 50-க்கும் கீழே. சரணம் முழுக்க வேகத்தில் ஓடவிட்டால் காது சலித்துவிடும். மெதுவிலேயே வைத்திருந்து, ஏழாம் எட்டாம் பாரின் நீண்ட சுரத்தில் வேகத்துக்குத் தள்ளி, ஒன்பதில் இறக்குங்கள். வேகம் ஏற நேரம் எடுக்கும், அதனால் உச்சத்துக்கு ஒரு பீட் முன்பே சுவிட்சைத் தட்ட வேண்டும்.

தாளம்: தகிடவிலிருந்து தகவுக்கு

இரண்டாம் சரணத்தில் டிரம்ஸ் நுழைகிறது. வேகம் நிமிடத்துக்கு 60 பீட். ஒவ்வொரு பீட்டையும் மூன்றாக உடையுங்கள்: தகிட தகிட தகிட. ஒரு பாருக்கு ஒன்பது துடிப்பு. வலது கை பிரஷ்ஷில் ஒன்பதையும் ஓட்டட்டும், கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) முதல் பீட்டில், ஸ்னேர் (முன்னால் இருக்கும் சிறிய டிரம்) விளிம்பில் கட்டைத்தட்டு இரண்டாம் பீட்டில். மூன்றாம் பீட்டில் தட்டாதீர்கள், மெட்டு நகர்வது பெரும்பாலும் அங்கேதான்.

இந்த ஒன்பது துடிப்புக்குள் ஃபங்க் என்ற துள்ளல் நடை ஒளிந்திருக்கிறது. பீட்டுக்கு மூன்று என்றால் நிமிடத்துக்கு 180 துடிப்பு. அதையே இரண்டிரண்டாகச் சேர்த்தால் 90 பீட். ஆர்கன் சோலோவின் பதினாறாம் பாரில் எல்லோரும் நிற்க, ஹைஹாட் மட்டும் ஒன்பது துடிப்பைத் தொடரட்டும். அடுத்து அதே வேகத்தில் எட்டுத் துடிப்பு, தக தக தக தக. அது நான்கு பீட் கொண்ட ஒரு பார். அதற்கடுத்த பாரின் முதல் பீட்டில் மூவரும் சேர்ந்து இறங்குங்கள். துடிப்பு மாறவே இல்லை, நடைதான் மாறியது. இங்கே வேகத்தைக் குத்துமதிப்பாகப் பிடித்தால் பாட்டு இரண்டாக உடைந்து கேட்கும். மெட்ரோனோமை 180-இல் வைத்து இந்த இரண்டு பாரை மட்டும் ஐம்பது தடவை வாசியுங்கள்.

ஃபங்க் பகுதியில் மெட்டின் இரண்டு பீட் நீளச் சுரம் மூன்று பீட் ஆகிறது, மூன்றாம் பீட்டில் இருந்தது நான்காம் பீட்டுக்குப் போகிறது. ஸ்னேரும் கைத்தட்டும் 2, 4-இல். அதனால் மெட்டு நகர்வதும் கைத்தட்டும் ஒரே இடத்தில் விழும். ஒன்றிலும் மூன்றிலும் தட்டினால் இது பஜனையாகவோ அணிவகுப்பாகவோ மாறிவிடும். கிக் ஒன்றில் அழுத்தமாக, மூன்றின் இரண்டாம் பாதியில் லேசாக. இடது கை பேஸ் ஒன்றில் எஃப், நான்கின் இரண்டாம் பாதியில் ஈ ஃபிளாட், இடையில் பெரும்பாலும் மௌனம். மேலே சொன்ன கார்ட் வரிசையை இங்கே கழற்றி வையுங்கள். எஃப் 7, பி ஃபிளாட் 7, ஏழு எட்டாம் பார்களுக்கு அந்த மிதக்கும் கார்ட், இவை போதும்.

சோலோ

சாக்ஸ் சோலோ மோகனத்திலேயே தொடங்கட்டும். பிறகு காந்தாரத்தைத் தாழ்த்தி ஏ ஃபிளாட் சேர்த்தால் சிவரஞ்சனியின் சாயல் வரும், இரண்டையும் மாற்றி மாற்றி ஒரே வரியில் வைப்பதுதான் புளூஸ். ஏ ஃபிளாட்டிலிருந்து ஏ-க்கு ஒரு தடவை வழுக்கி ஏறினால் போதும். நம் ஊர் விரல்களுக்கு இங்கே கமகம் தானாக வந்துவிடும். அசைத்துக்கொண்டே இருந்தால் பாணி மாறிவிடும்.

இரண்டு பார் கேள்வி, இரண்டு பார் பதில். சாக்ஸ் கேட்டால் ஆர்கன் சொல்ல வேண்டும். மெட்டு வாசிக்கும்போது நிரப்பு வரிகளுக்கு இடம் 4, 7-8, 12, 15-16 ஆகிய பார்கள் மட்டுமே. வேறெங்கே நுழைந்தாலும் பிரசங்கியாரைக் குறுக்கே வெட்டிப் பேசுவது போலிருக்கும்.

கடைசிச் சரணத்துக்கு அரைச்சுரம் ஏற்றலாம். எஃப் முடிந்ததும் டி ஃபிளாட் 7-ஐ ஒரு பார் பிடித்து ஜி ஃபிளாட்டில் இறங்குங்கள். டெனருக்கு அது ஏ ஃபிளாட் கீ, மெட்டின் உச்சி ஈ ஃபிளாட், கைக்கு எட்டும். ஒரு தடவைக்கு மேல் ஏற்ற வேண்டாம், மூன்றாம் ஏற்றத்தில் கேட்பவர்கள் சிரிக்கத் தொடங்குவார்கள்.

முன்னுரை 4 பார், தாளமற்ற சரணம் ஒரு நிமிடம், தகிட நடையில் மெட்டு ஒன்று, ஆர்கன் சோலோ ஒன்று, ஃபங்கில் மெட்டு ஒன்று, சாக்ஸ் சோலோ இரண்டு சரணம், கீ ஏற்றி மெட்டு ஒன்று, பிறகு நான்காவது கார்டுக்கும் முதல் கார்டுக்கும் இடையே 16 பார் சுற்று. எல்லாம் சேர்ந்து ஆறரை நிமிடத்துக்குள் அடங்கும்.

பதிவு செய்யும்போது லெஸ்லியின் மேல் கொம்புக்கு இருபுறமும் இரண்டு மைக், பெட்டியின் அடியில் சுழலும் டிரம்முக்கு ஒன்று, ஒரு முழம் தள்ளி. பெட்டியின் திறப்பில் ஒட்டி வைத்தால் கொம்பு கிளப்பும் காற்று மைக்கில் புஸ் புஸ்ஸென்று விழும். சாக்ஸுக்கு மைக்கை மணியின் வாய்க்குள் காட்டாமல், மணிக்கும் கட்டைகளுக்கும் நடுவே 30 செ.மீ. தள்ளி வையுங்கள். மூவரும் ஒரே அறையில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய உட்கார வேண்டும். தாளமற்ற முதல் சரணத்தில் எப்போது கார்ட் மாற்றுவது என்பதை ஆர்கன் வாசிப்பவர் சாக்ஸ் வாசிப்பவரின் தோளைப் பார்த்துத்தான் அறிய முடியும். தனித்தனியாகப் பதிந்து ஒட்டினால் அந்தச் சரணம் ஒருபோதும் சேராது.