வாணவேடிக்கை மேலே, வம்பு கீழே: டெஸ்லா காயில் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாபநாசம் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றில் 28 கேஜ் எனாமல் கம்பி அரைக் கிலோ கேட்டேன். வாசலில் நாலைந்து நீர்மூழ்கி மோட்டார்கள் வயிறு பிளந்து கிடந்தன. கடைக்கார அண்ணன் கம்பியைத் தராசில் வைத்தபடியே, “எத்தனை ஹெச்.பி. மோட்டார் தம்பி?” என்றார். மோட்டார் இல்லை அண்ணே, நாலு அங்குல பிவிசி குழாயின் மேல் 1,200 சுற்று என்றேன். “நடுவில் இரும்பு?” அதுவும் இல்லை என்றேன். பித்துப் பிடித்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அந்த மனிதர்தான் பின்னொரு நாள் என் கையைத் தட்டிவிட்டு என்னைக் காப்பாற்றினார். அந்தக் கதை கடைசியில் வரும்.

நான் செய்ய நினைத்தது டெஸ்லா காயில். நிக்கோலா டெஸ்லா 1891இல் உருவாக்கிய அந்தக் காயிலுக்கு இரும்பு தேவையில்லை. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை ஒரு டிரான்ஸ்பார்மர் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றி, மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் ஒரு கண்டன்சரை நிரப்பும். நிரம்பியதும், எதிரெதிரே நிற்கும் உலோக முனைகளுக்கு நடுவே, அதாவது ‘பொறி இடைவெளி’யில், பொறி தாவும். அந்தக் கணத்தில் கண்டன்சரில் இருந்ததெல்லாம் பத்துப் பன்னிரண்டு சுற்றே உள்ள முதன்மைச் சுருளில் பாய்ந்து, நொடிக்கு லட்சக்கணக்கான முறை முன்னும் பின்னும் அதிரும். உயரமாக நிற்கும் துணைச்சுருள் அதே சுருதியில், அதாவது அதே அதிர்வெண்ணில், இருந்தால், அந்த அதிர்வைச் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்து, உச்சியிலுள்ள உலோக வளையத்திலிருந்து ஊதா நிறப் பொறியாக உமிழும்.

பார்ப்பவர் எல்லோருடைய கண்ணும் அந்த உச்சியில்தான் இருக்கும். செய்கிறவனின் கண்ணும் அங்கேயே போய்விடுவதுதான் சிக்கல். ஆளைக் கொல்லக்கூடிய சாமான், டிரான்ஸ்பார்மரும் கண்டன்சரும், கீழே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

முதல் தவறு கையில் வருவதற்கு முன் மனத்தில் வருகிறது. “உயர் அதிர்வெண் மின்சாரம் தோலின் மேலேயே ஓடிவிடும், உள்ளே போகாது, அதனால் ஒன்றும் செய்யாது” என்று சொல்லாதவர் இல்லை. செம்புக் கம்பியைப் பொறுத்தவரை இது சரி. நம் உடம்பு செம்பு அல்ல. 200 கிலோஹெர்ட்ஸில் மனிதத் திசுவுக்குக் கணக்குப் போட்டால், மின்சாரம் இறங்கும் ஆழம் ஒரு மீட்டருக்கு மேல் வருகிறது. அவ்வளவு பருமனான ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. அப்படியானால் பொறி கையில் பட்டும் ஏன் ‘ஷாக்’ தெரிவதில்லை? அவ்வளவு வேகமான அதிர்வை நரம்புகளால் பின்தொடர முடியாது, அவ்வளவுதான். உணர்வு இல்லை என்பதால் சூடு இல்லை என்று ஆகிவிடாது. விரல் நுனியில் குண்டூசித் தலையளவு வெள்ளைப் புள்ளி விழும். உள்ளே திசு வெந்திருக்கும். ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். அது போனால் போகட்டும். துணைச்சுருளிலிருந்து ஒரு பொறி வழிதவறி முதன்மைச் சுருளில் விழுந்தால், அந்தப் பொறியின் பாதையிலேயே டிரான்ஸ்பார்மரின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் ஏறி வந்துவிடலாம். அதற்கு இதயத்தை நிறுத்தத் தெரியும்.

அடுத்தது டிரான்ஸ்பார்மர். பழைய நியான் விளம்பரப் பலகைகளின் டிரான்ஸ்பார்மர்தான் இந்த வேலைக்கு வாகானது. 9,000 வோல்ட், 30 மில்லியாம்பியர் என்று அதன் மின்னோட்டத்துக்கு உள்ளுக்குள்ளேயே ஒரு கடிவாளம் இருக்கும். ஊரெல்லாம் எல்இடி பலகை வந்தபின் அது கிடைப்பது அரிது. காயலான் கடையில் சொல்லி வைக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் மைக்ரோவேவ் அடுப்பைப் பிரிக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வருவது ஏறத்தாழ 2,000 வோல்ட் என்றாலும், அரை ஆம்பியருக்கு மேல் தள்ளும் வலு அதற்கு உண்டு. இதயம் தாறுமாறாகத் துடிக்கச் சில பத்து மில்லியாம்பியர் போதும். இதே டிரான்ஸ்பார்மரைக் கொண்டு மரப்பலகையில் மின்னல் கோலம் எரிக்கப்போய்ப் பலர் இறந்ததால், அமெரிக்க மரக்கடைசல் கலைஞர்கள் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அந்தக் கலையையே தடை செய்துவிட்டது.

“வீட்டில் இ.எல்.சி.பி. இருக்கிறதே, உடனே ட்ரிப் ஆகிவிடும்” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் அந்தச் சாதனம் காப்பது டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் உள்ள கம்பியை மட்டும். பின்னால் இருக்கும் உயரழுத்தச் சுருளில் நீங்கள் மாட்டிக்கொண்டால், அந்த மின்சாரம் சுருளிலிருந்து கிளம்பி உங்கள் வழியாகச் சுருளுக்கே திரும்பிவிடும். முன்பக்கத்தில் போவதும் வருவதும் சமமாகவே இருக்கும்; இ.எல்.சி.பி. வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும்.

எங்கள் காவிரி டெல்டாவில் இன்னொரு ஆபத்து பரணில் இருக்கிறது. 2006க்குப் பிறகு அரசு வீடுவீடாகக் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் பல இன்னும் சாக்கு போர்த்தித் தூங்குகின்றன. சிறு காயிலுக்காக அதில் படக்குழாய்க்கு உயரழுத்தம் கொடுக்கும் ஈஹெச்டி டிரான்ஸ்பார்மரைக் கழற்றப் பையன்களுக்கு ஆசை வரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயே ஒரு கண்டன்சர் போல 20,000 வோல்ட் அளவில் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். குழாயின் தோளில் உள்ள ரப்பர் தொப்பியை வெறுங்கையால் நெம்புவது பெரிய தவறு. குழாயைச் சுற்றிக் கட்டியிருக்கும் எர்த் பின்னலோடு முதலில் ஒரு கம்பியை இணைத்து, அதன் மறுமுனையைக் காப்பிட்ட பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரில் கட்டி, தொப்பியின் அடியில் நுழைத்து மின்னூட்டத்தை இறக்க வேண்டும். ஒரு முறை போதாது. சில நிமிடம் விட்டு மறுபடியும் இறக்குங்கள். இது புரியாத பையன் என்றால் பெட்டியைத் திறக்கவே விடாதீர்கள்.

கண்டன்சரில் நம் ஊர்க்காரர்கள் செய்யும் தவறு மின்விசிறிக் கண்டன்சரை வரிசையாகக் கோப்பது. 2.5 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட், எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் மலிவு. வோல்ட் கணக்கு தாளில் சரியாகவே வரும். ஆனால் ஒரே கணத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்போது உள்ளே உலோகப் பூச்சும் கம்பியும் சேருமிடம் கருகி, வீங்கி, வெடிக்கும். உப்புத் தண்ணீர் பாட்டில் கண்டன்சர் வேலை செய்யும். சூடேறிக் கண்ணாடி விரிசல் விட்டு மேசையெல்லாம் உப்புத் தண்ணீர் ஓடுவதும் அதன் வேலைகளில் ஒன்று. துடிப்பு மின்னோட்டத்துக்கென்றே செய்யப்பட்ட பாலிப்ரோப்பிலீன் கண்டன்சர்களை வாங்குங்கள். 0.15 மைக்ரோ ஃபாரட், 2,000 வோல்ட் கொண்டவை பத்தை வரிசையாகக் கோத்தால் 0.015 மைக்ரோ ஃபாரட், 20,000 வோல்ட். 9,000 வோல்ட் டிரான்ஸ்பார்மரின் உச்சம் 12,700 வோல்ட்டைத் தொடும் என்பதால் இந்த இடைவெளி அவசியம். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 10 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தால், நிறுத்திய சில நொடிகளில் மின்னூட்டம் வடிந்துவிடும். ரெசிஸ்டர் அறுந்திருந்தால் வடியாது. அறுந்திருப்பது வெளியே தெரியவும் தெரியாது.

சுற்றுவதற்கு வருவோம். 110 மில்லிமீட்டர் குழாயில் 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு 28 கேஜ் கம்பி 1,200 சுற்றுப் பிடிக்கும். நீளம் 415 மீட்டர், எடை 400 கிராம் அளவு. ஒரு சுற்றுகூட இன்னொன்றின் மேல் ஏறக்கூடாது. ஏறிய இடத்தில் எனாமல் துளைபட்டால் முழுச் சுருளும் வீண். போர்வெல்லில் இறக்கும் கறுப்புக் குழாயை எடுக்காதீர்கள், அதில் கரித்தூள் கலந்திருக்கும். கம்பியின் முனையைத் துளை போட்டுக் குழாய்க்குள் விட்டு இறக்குவது பார்க்க அழகாக இருக்கும். உச்சியிலிருந்து அடிவரை குழாயின் உள்ளேயே பொறி ஓட வழியும் செய்துகொடுக்கும்.

என் முதல் சுருளைக் கார்த்திகை அடைமழையில் சுற்றினேன். குழாயைத் துடைத்தேன், காய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வார்னிஷ் பூசிய மறுநாள் பார்த்தால், மோர் ஊற்றியதுபோல் வெள்ளை படர்ந்திருந்தது. காற்றின் ஈரத்தை வார்னிஷ் குடித்துவிட்டது. மின்சாரம் கொடுத்ததும் உச்சிக்குப் போகவேண்டிய பொறி சுருளின் முதுகிலேயே ஊர்ந்தது. ஆறு நாள் உழைப்பு, அரைக் கிலோ கம்பி. காயில் கட்டும் அண்ணன் சிரிக்கவில்லை. குண்டு பல்பு எரியும் தகரப் பெட்டியைக் காட்டினார். மழைக்காலத்தில் அவர் கட்டும் மோட்டார் காயில்கள் அதற்குள் இரவெல்லாம் காய்ந்த பிறகே வார்னிஷ் பார்க்கும். இரண்டாவது சுருளைப் பங்குனி வெயிலில் சுற்றினேன்.

பொறி சிறியதாக வந்தால் உடனே பெரிய டிரான்ஸ்பார்மர் தேடுவது அடுத்த தவறு. பெரும்பாலும் குறை சுருதியில்தான் இருக்கும். நான் சொன்ன அளவுச் சுருளுக்கு மேலே 30 சென்டிமீட்டர் உலோக வளையம் வைத்தால் 200 கிலோஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும். வளையத்தை மாற்றினால் சுருதியும் மாறும். எனவே வளையத்தை வைத்த பிறகுதான் முதன்மைச் சுருளின் இணைப்பைக் கால் சுற்று, அரைச் சுற்றாக நகர்த்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பிளக்கைப் பிடுங்கி, கண்டன்சரின் மின்னூட்டத்தை இறக்கி, பிறகே கை வைக்க வேண்டும். நான் பார்த்தவரை ஆட்கள் அலுத்துப்போய் ஒரு படியைத் தாண்டுவது இங்கேதான். இருபது முறை ஒழுங்காகச் செய்தவன் இருபத்தோராவது முறை பிளக்கை மறந்துவிடுகிறான். வழிதவறும் பொறியைத் தாங்க முதன்மைச் சுருளுக்கு மேல் வைக்கும் காவல் வளையத்தை முழு வட்டமாக மூடிவிடாதீர்கள். சிறு இடைவெளி இல்லையென்றால் அதுவே ஒரு குறுக்குச் சுற்றாகி ஆற்றலைத் தின்றுவிடும்.

எர்த் விஷயத்தில் இரண்டு வேலைகளை ஒன்றாக்கிவிடுகிறார்கள். டிரான்ஸ்பார்மரின் இரும்புக் கூடு வீட்டு எர்த்தில் சேர வேண்டும். துணைச்சுருளின் அடிமுனை அங்கே சேரவே கூடாது. சேர்ந்தால் உயர் அதிர்வெண் அழுத்தம் வீட்டு வயரிங் முழுக்கப் பரவும். என் வீட்டில் இரண்டு எல்இடி பல்புகளும் ஒரு செட்டாப் பாக்ஸும் ஒரே மாலையில் உயிர் விட்டதற்கு இதுதான் காரணம். அந்த வாரம் தொடர் பார்க்க முடியாமல் போனதை அம்மா இன்றும் சொல்லிக் காட்டுவார். தனியாக ஆறடிச் செம்புக் கம்பி ஒன்றை வெளியே இறக்குங்கள். நம் வண்டல் களிமண் இதற்கு வரம். ஆனால் சித்திரையில் அதே களிமண் வெடித்துக் கம்பியை விட்டு விலகி நிற்கும்; குடத்துத் தண்ணீரை ஊற்றி ஊறவிட்ட பிறகு ஓட்டுங்கள். போர்வெல் குழாயை எர்த்தாக்குவது குறுக்குவழி. அதே குழாயில்தான் உங்கள் மோட்டாரும் தொங்குகிறது. அக்கம்பக்கத்தில் யாராவது 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி வானொலி கேட்பவர் இருந்தால், நீங்கள் ஓட்டும் நேரம் அவருக்குக் கரகரப்புதான். பொறி இடைவெளி என்பது பழைய காலத்து ஒலிபரப்பிக் கருவியே. சில நொடிகள் ஓட்டி நிறுத்துவது மரியாதை.

பம்புசெட் கொட்டகையில் ஓட்டலாமே என்று பலர் கேட்கிறார்கள். ஆள் நடமாட்டம் இல்லை, மும்முனை மின்சாரமும் இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. ஈரத் தரை, இரும்புக் குழாய், தொட்டித் தண்ணீர், பக்கத்தில் வைக்கோல் போர். இதைவிட மோசமான இடத்தை நினைத்தாலும் அமைக்க முடியாது. விவசாய இணைப்பை விவசாயத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்பதும் இருக்கிறது. கீற்றுக் கூரை இருக்கும் எந்த இடமும் ஆகாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைத் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மண் இது; கீற்றில் பொறி பட்டால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காய்ந்த சிமெண்ட் தரை, கான்கிரீட் கூரை, திறந்த ஜன்னல் போதும். ஓசோன் வாடை மூக்கில் ஏறினால் அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். பொறி இடைவெளியை வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள், அது வெல்டிங் பொறிக்கு உறவு. அதன் சத்தத்துக்குக் காதில் பஞ்சு போதாது.

பள்ளிக் கண்காட்சிக்கும் திருவிழா மேடைக்கும் கேட்டு வருவார்கள். நான் மறுத்துவிடுகிறேன். கூட்டத்தில் யார் நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. குழந்தைகளின் கை எட்டுவதைத் தடுக்கக் கயிறு போதாது. 12 வோல்ட்டில் ஓடும் உள்ளங்கை அளவுச் சிறு காயில் ஒன்று வைத்திருக்கிறேன். பக்கத்தில் பிடித்தால் சிஎஃப்எல் பல்பு எரியும். கண்காட்சிக்கு அது போதும், அதையும் தொடவிடுவதில்லை.

அண்ணன் கதைக்கு வருகிறேன். இரண்டாவது சுருள் ஒழுங்காக ஓடிய அன்று அவரைப் பார்க்க அழைத்திருந்தேன். ஒன்றரை அடிப் பொறி. நிறுத்தினேன், பிளக்கைப் பிடுங்கினேன், சந்தோஷத்தில் நேராகக் கண்டன்சர் வரிசையின் பக்கம் கையை நீட்டினேன். பளீரென்று மணிக்கட்டில் ஒரு அடி. “கண்டன்சர் உதைக்கும் தம்பி” என்றார். முப்பது வருடமாக மோட்டார் பெட்டிகளைத் திறப்பவர். என் ரெசிஸ்டர் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. பின்னர் மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பத்து ரெசிஸ்டரில் இரண்டு அறுந்திருந்தன.

மறுநாள் மூன்றடிப் பிவிசி குழாயின் நுனியில் செம்புக் கொக்கி ஒன்றை மாட்டி, அதிலிருந்து எர்த்துக்குத் தடித்த வயர் இழுத்துக் கொடுத்தார். முதலில் எர்த் முனையை இணைக்க வேண்டும், பிறகு கொக்கியால் தொட வேண்டும், தொட்ட பின் எடுக்கக்கூடாது என்றார். வடிந்துவிட்ட கண்டன்சரும் சும்மா இருக்கும்போது கொஞ்சம் அழுத்தத்தைத் திரும்பத் தேற்றிக்கொள்ளும் என்பதால் அந்தக் கடைசிப் பேச்சும் சரிதான். காயிலை ஓட்டாத நாளெல்லாம் அந்தக் கொக்கி கண்டன்சரில் மாட்டியபடியே கிடக்கிறது.